ஷிமானோ டியோர் எம்6100: உடல்நலம் தேறியவரின் மலைப் பந்தயத்துக்கு ஏற்ற கியர் தொகுதி

நோயிலிருந்தும் எலும்பு முறிவிலிருந்தும் மீண்டு, பல நாள் நீளும் மலைச் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொள்ள எண்ணுபவர், எடை குறைந்த சட்டகத்துக்கோ கார்பன் சக்கரங்களுக்கோ பணம் ஒதுக்குவதற்கு முன், ஏற்றத்தில் கைகொடுக்கும் மிகத் தாழ்ந்த கியரை வாங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அந்தத் தேவையை நடுத்தர விலையில் முழுமையாக நிறைவேற்றும், சைக்கிள் உதிரிபாக நிறுவனமான ஷிமானோவின் 12 வேக (பின்புறம் 12 பல்சக்கரங்கள் கொண்ட) டியோர் எம்6100 தொகுதியைப் பெங்களூரில் பயிற்சிக்கும், பின்னர் தென்னாப்பிரிக்காவில் கேப் எபிக் பந்தயத்துக்கும் பயன்படுத்திய அனுபவத்திலிருந்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நுரையீரல் உறையில் நீர் கோத்த காசநோய்க்கு ஆறு மாத மருந்தை முடித்து, மருத்துவரின் ஒப்புதலுடன் மீண்டும் ஓட்டத் தொடங்கிய காலத்தில், அவலஹள்ளிக் காட்டுப் பாதையில் விழுந்ததில் என் இடது காறை எலும்பு முறிந்தது. தகடு வைத்துச் சேர்த்தார்கள். ஆகவே எனக்கு இரண்டு குறைகள் இருந்தன. செங்குத்தான ஏற்றத்தில் மூச்சு முன்போல் எட்டவில்லை. எழுந்து நின்று ஹேண்டில்பாரை இழுத்து மிதித்தால் தோள் வலித்தது. இரண்டுக்கும் ஒரே தீர்வுதான்: இருக்கையை விட்டு எழாமல், மெதுவாக ஆனால் சீரான மிதிப்பில் ஏற முடிய வேண்டும்.

இதில் கணக்கு முக்கியமானது. என் பழைய சைக்கிளில் முன்புறம் 32 பல், பின்புறக் கேசட்டின் (பல்சக்கர அடுக்கின்) பெரிய பல்சக்கரம் 42 பல். 29 அங்குலச் சக்கரத்தில் ஒரு முழு மிதிப்புக்குச் சைக்கிள் சுமார் 1.74 மீட்டர் நகரும். எம்6100 கேசட்டின் பெரிய சக்கரம் 51 பல். முன்புறம் 30 பல் பொருத்தினால் அதே மிதிப்பில் சுமார் 1.34 மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 60 மிதிப்பு என்று வைத்துக்கொண்டால் வேகம் மணிக்கு 6.3 கிலோமீட்டரிலிருந்து 4.8 ஆகக் குறைகிறது. செங்குத்தில் காற்றின் தடை பொருட்டே இல்லை. வேகம் குறையும் விகிதத்திலேயே உடல் ஒவ்வொரு நொடியும் செலுத்த வேண்டிய ஆற்றலும் குறைகிறது. ஏறத்தாழ கால்வாசிச் சுமை இறங்கிவிடுகிறது என்பது, மூச்சு போதாத ஒருவருக்கு எத்தகைய விடுதலை என்பதை நந்தி மலைச் சாலையில் ஏறும்போதே உணர்ந்தேன்.

கேப் எபிக்கில் இதன் அருமை இன்னும் தெளிவாகப் புரிந்தது. 2004இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தில் எட்டு நாள்களில் 600 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்ட வேண்டும். மொத்த ஏற்றம் 15,000 மீட்டரை ஒட்டியிருக்கும். இருவர் இணையாகவே பங்கேற்க வேண்டும். அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் இரண்டு நிமிட இடைவெளிக்கு மேல் விலகக் கூடாது. அதாவது பலவீனமானவரின் வேகமே இணையின் வேகம். உதிரிக் கற்கள் நிறைந்த ஏற்றங்களில் வலுவான பலர் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்த இடங்களிலும் நான் அமர்ந்தபடியே ஏறினேன். சைக்கிளைத் தள்ளுவது தகடு வைத்த தோளுக்கு மிதிப்பதைவிடக் கடினம் என்பதால், இது எனக்கு நேரத்தைக் காட்டிலும் பெரிய ஆதாயம். முன்புறம் ஒற்றைச் செயின்ரிங் (மிதியோடு சுழலும் பல்சக்கரம்) மட்டுமே இருப்பதால் இடது கைக்குக் கியர் மாற்றும் வேலையே கிடையாது என்பதும் நல்லதாய்ப் போயிற்று.

ஷிமானோவின் எக்ஸ்டிஆர் போன்ற உயர்விலைத் தொகுதிகளிலும் இதே 10 முதல் 51 வரையிலான கேசட் உண்டு. எக்ஸ்டிஆர் கேசட்டின் எடை சுமார் 370 கிராம்; டியோர் கேசட்டுக்குச் சுமார் 590 கிராம். ஒரு டம்ளர் தண்ணீரின் எடைதான் வேறுபாடு. அதற்காகப் பல மடங்கு விலை கொடுப்பது, பதக்கத்துக்காகப் போட்டியிடாதவருக்குத் தேவையில்லை. டியோரின் பல்சக்கரங்கள் பெரும்பாலும் எஃகினால் ஆனவை என்பதால் மணலிலும் புழுதியிலும் நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன. மிதிக்கும் அழுத்தத்தைக் குறைக்காமலே கியர் மாற்ற உதவும் ஹைப்பர்கிளைட் பிளஸ் வடிவமைப்பு இந்த விலையிலேயே கிடைப்பது பாராட்டுக்குரியது. ஏற்றத்தின் நடுவில் கால் தளரும்போது செயின் தடுமாறாமல் பெரிய சக்கரத்துக்கு ஏறியது ஒவ்வொரு முறையும் நம்பிக்கை தந்தது.

வாங்குபவர் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 10 பல் சக்கரம் பொருந்த வேண்டுமானால் பின்சக்கரத்தில் மைக்ரோ ஸ்பிளைன் என்னும் வகை ஃப்ரீஹப் (சக்கரத்தின் மையமான ஹப்பில் கேசட் பொருந்தும் உருளைப் பகுதி) இருக்க வேண்டும். பழைய சைக்கிள்களில் அது இராது. முதலில் விசாரித்த கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் முழுத் தொகுதிக்கும் விலைப்பட்டியல் கொடுத்துவிட்டார்கள். அல்சூரில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர்தான், "தம்பி, ஹப்பைப் பாக்காம கேசட்டை வாங்கிடாதீங்க" என்று தடுத்து, சக்கரத்தைக் கழற்றிக் காட்டி விளக்கினார். ஃப்ரீஹப்பை மாற்ற இயலாதவர்களுக்கு டியோரின் 11 வேக எம்5100 தொகுதி நல்ல மாற்று: அதன் 11 முதல் 51 வரையிலான கேசட் பழைய வகை ஹப்பிலேயே பொருந்தும். 28, 33, 39, 45, 51 என ஏற்றத்துக்குரிய ஐந்து சக்கரங்களும் இரண்டிலும் ஒன்றே. அழுத்தி மிதிக்கும்போது கியர் மாறும் மென்மை மட்டும் அதில் குறைவு.

குறைகளும் உண்டு. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் டிரெய்லியரின் மேல் வழிகாட்டிச் சக்கரத்துக்கும் 51 பல் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் சிறிது பிசகினாலும் கியர் முரண்டு பிடிக்கிறது. விமானப் பயணத்தில் டிரெய்லியரைச் சட்டகத்தோடு இணைக்கும் ஹேங்கர் என்னும் சிறு உலோகத் துண்டு எளிதில் வளைந்துவிடும் என்பதால், உங்கள் சட்டகத்துக்குரிய மாற்று ஹேங்கர் ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். அயலூரில் அது கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. 30 பல் செயின்ரிங்குடன் சமதளத்தில் மணிக்கு 37 கிலோமீட்டரைத் தாண்டினால் கால்கள் நிமிடத்துக்கு 90 சுற்றுக்கும் மேல் சுழல வேண்டியிருக்கும். பந்தயத்துக்குப் பின் மைசூரு சாலையிலும் நண்பர்களோடு வேகமாக ஓட்ட விரும்புகிறவர்கள் 32 பல்லையே வைத்துக்கொள்ளலாம். மூச்சு இன்னும் முழுமையாகத் திரும்பாதவர்களுக்கு 30 பல்லையே பரிந்துரைப்பேன்.