கத்திரி வெயிலில் ரைடிங் ஜாக்கெட்: வேலூரில் பல கோடை ஓட்டிய அனுபவம்

வேலூர்க்காரர்கள் ரைடிங் ஜாக்கெட் வாங்காமல் இருப்பதற்குச் சொல்லும் காரணம் ஒன்றுதான்: வெயில். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சுற்றிலும் மொட்டைப் பாறை மலை, நடுவில் ஊர். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே யாருக்கும் ஆச்சரியம் தராது. மதியம் இரண்டு மணிக்கு கிரீன் சர்க்கிள் சிக்னலில் நிற்கும்போது சட்டையே பாரமாகத் தெரியும், அதற்கு மேல் ஜாக்கெட்டா என்று கேட்பார்கள்.

ஆனாலும் போட்டுக்கொள்ள முடியும். காற்று புகும் வலைத்துணியில் தைத்த ஒரு மெஷ் ஜாக்கெட், கிளவுஸ், முழு ஹெல்மெட், முழங்கால் கார்டு, பூட்ஸ் இவற்றோடு பல கோடை ஓட்டியாகிவிட்டது. வார நாட்களில் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரை வேலைக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பூர், ஏலகிரி, ஜவ்வாது மலை. புதிதாக வாங்கிய வாரத்தில் எழுதும் விமர்சனத்தில் தெரியாத விஷயங்கள் இத்தனை நாள் போட்ட பிறகுதான் தெரிகின்றன. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

பைக் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. பைக்கைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். இங்கே தேவைப்படுவது ஒரு தகவல் மட்டும்: நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டி, முன்னால் கண்ணாடித் தடுப்பு எதுவும் இல்லை. அதனால் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். மெஷ் ஜாக்கெட்டுக்கு இதைவிடத் தோதான வண்டி இல்லை. குனிந்து ஓட்டும் வண்டியிலோ பெரிய வைசர் வைத்த டூரிங் வண்டியிலோ அதே ஜாக்கெட்டில் இவ்வளவு காற்று வராது.

வெயிலைப் பற்றி முதலில் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. வெளிக்காற்று அதைவிடக் குறைவாக இருக்கும்வரை காற்று பட்டால் குளிர்ச்சி. 40 டிகிரி காற்று உடம்பில் அடித்தால் அது சூட்டைக் கொடுக்கும், எடுக்காது. அப்போது உடம்பைக் காப்பாற்றுவது வியர்வை ஆவியாவது மட்டுமே. டி-ஷர்ட்டோடு ஓட்டும்போது கைகளில் வியர்வை வந்த நொடியே பறந்துவிடும், மேலே நேர் வெயிலும் விழும். சுகமாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் உடம்பு தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். மெஷ் ஜாக்கெட் வெயிலைத் தடுத்து, காற்றைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி உள்ளே விடுகிறது. வயலில் வேலை செய்கிறவர்கள் கத்திரியிலும் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டுவது இதே கணக்கில்தான்.

இதை வைத்து நான் பழக்கமாக்கிக்கொண்ட ஒன்று உண்டு. ஜாக்கெட்டுக்குள் உடம்போடு ஒட்டிய முழுக்கை பனியன், அதைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போடுவது. நெடுஞ்சாலையில் வண்டி ஓடத் தொடங்கியதும் நிஜமாகவே ஏசி போட்ட மாதிரி இருக்கும். பள்ளிகொண்டாவில் நனைத்தால் ஆம்பூர் போவதற்குள் காய்ந்துவிடும். அங்கே திரும்ப ஒரு முறை. நமக்கு வாய்த்திருப்பது வறண்ட வெயில் என்பதால் இது நன்றாக வேலை செய்கிறது. சென்னைப் பக்கம் போனால் காற்றில் ஈரம் அதிகம், அங்கே இவ்வளவு பலன் கிடைப்பதில்லை.

ஊருக்குள் மட்டும் கதை வேறு. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் நெரிசலில் மாட்டினால் எந்த மெஷ்ஷும் உதவாது. காற்று ஓடினால்தான் அதற்கு உயிர். கீழே எஞ்சின் சூடு, மேலே வெயில், நடுவில் நாம். அந்த நேரங்களில் முன் ஜிப்பைப் பாதி இறக்கிவிட்டு, வண்டி நகர்ந்ததும் ஏற்றிக்கொள்கிறேன். கழற்றி டேங்க் மேல் வைப்பதில்லை. ஊருக்குள்தான் ஆட்டோவும் மாடும் குறுக்கே வரும் இடம்.

அடுத்தது ஜாக்கெட்டுக்குள்ளே அடியைத் தாங்க வைத்திருக்கும் பேடுகள். கடையில் ஜாக்கெட்டை எடுத்ததும் எல்லோரும் துணியைத் தடவிப் பார்க்கிறார்கள், பேடை வெளியே எடுத்துப் பார்ப்பவர் குறைவு. தோள், முழங்கை, முழங்காலுக்கான பேடுகளுக்கு ஐரோப்பியத் தரம் இஎன் 1621-1. ஒரு எடையை அதன்மேல் போட்டு, அடியில் எவ்வளவு விசை கடத்தப்படுகிறது என்று அளப்பார்கள். லெவல் 1 என்றால் சராசரி 35 கிலோநியூட்டனுக்குள், லெவல் 2 என்றால் 20-க்குள். பேடின் மேலேயே முத்திரை இருக்கும்: எஸ் என்றால் தோள், ஈ என்றால் முழங்கை, கே என்றால் முழங்கால். நம் ஊருக்கு முக்கியமான இன்னொரு குறி டி பிளஸ். இந்த மென்மையான பேடுகள் சூட்டில் மேலும் இளகும். 40 டிகிரியில் வைத்துச் சோதித்தும் தேறியவற்றுக்குத்தான் டி பிளஸ் குறி. அந்தச் சோதனை கட்டாயம் இல்லை, விரும்புகிற நிறுவனங்கள் செய்துகொள்ளலாம். குளிர் நாட்டுக்காரருக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாக இருக்காது. கத்திரியில் வெட்டவெளியில் நிறுத்திய வண்டிமேல் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர் அதைத் தேடிப் பார்த்து வாங்க வேண்டும்.

பல ஜாக்கெட்டுகளில் முதுகுப் பக்கம் வெறும் ஸ்பாஞ்ச் ஒன்றைச் செருகியிருப்பார்கள். என்னுடையதிலும் அப்படித்தான். தனியாக ஒரு முதுகு பேடு வாங்கிப் போட்டேன். அதற்கான தரம் இஎன் 1621-2. துளைகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் மெஷ்ஷில் வரும் காற்றையெல்லாம் அது முதுகில் அடைத்துவிடும்.

ஜாக்கெட்டுக்கு மொத்தமாக வேறொரு தரம், இஎன் 17092. அதில் ட்ரிபிள் ஏ, டபுள் ஏ, ஏ என்று படிகள். அதிகம் உராயும் இடங்களில் ஏ படிக்கான சோதனை வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர், டபுள் ஏ-வுக்கு 70, ட்ரிபிள் ஏ-வுக்கு 120. கோடைக்கான மெஷ் பெரும்பாலும் ஏ படிதான். அதாவது காற்றோட்டத்துக்காக உராய்வுத் தாங்கும் சக்தியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம். தெரிந்தே செய்ய வேண்டிய பேரம் இது. என் கணக்கு எளிது: டபுள் ஏ ஜாக்கெட் வாங்கி மே மாதம் முழுக்க அது ஆணியில் தொங்கினால் அது எனக்கு எந்தப் படியும் இல்லை.

இந்த ஜாக்கெட் ஒருமுறை தரையைத் தொட்டது. கணியம்பாடி தாண்டி அமிர்தி போகும் பக்கம் ஒரு கிராமச் சாலை. அறுப்பு முடிந்து கேழ்வரகுக் கதிரை ரோட்டில் பரப்பியிருந்தார்கள், வண்டிகள் ஏறினால் தானே உதிரும் என்று. இது நம் பக்கத்தில் காலங்காலமாக நடப்பதுதான். வளைவு திரும்பியதும் கண்ணெதிரே கதிர் விரிப்பு, மெதுவாகத்தான் போனேன், முன் சக்கரம் வழுக்கி இடது பக்கமாக வண்டியோடு சரிந்தேன். களத்திலிருந்த ஒரு பாட்டி ஓடிவந்து, "இன்னா நைனா, அடி கிடி பட்டுச்சா?" என்று கையைப் பிடித்துப் பார்த்தார். ஜாக்கெட்டின் இடது முழங்கையில் துணி தேய்ந்து வெளுத்திருந்தது, கிளவுஸின் உள்ளங்கையில் கீறல்கள். என் முழங்கையில் சிவப்புகூட இல்லை. விழும்போது யாராக இருந்தாலும் முதலில் கையைத்தான் ஊன்றுவோம். கிளவுஸ் இல்லாவிட்டால் அந்த உள்ளங்கை ஒரு மாதத்துக்கு சாப்பாட்டுக்கே உதவியிருக்காது.

முழங்கையில் பிரிந்த தையலை லாங் பஜாரில் பை தைக்கிறவரிடம் கொடுத்து, தோல் பைக்குப் போடும் தடித்த நைலான் நூலில் தைத்து வாங்கினேன். பேடு நசுங்கவில்லை, விரிசலும் இல்லை, அதனால் அதையே தொடர்கிறேன்.

கிளவுஸைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களுக்கு நடுவில் இருக்கிறோம். என் மாமா ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரியில் கட்டிங்கில் இருக்கிறார். கிளவுஸை வாங்கியதும் அவரிடம் காட்டினேன். மடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "ஆட்டுத் தோல்தான், நல்லா கீது. ஆனா வெயில்ல மட்டும் காயப் போடாத மாப்ள, வெறச்சிக்கினு வெடிச்சிப் பூடும்" என்றார். ஆட்டுத் தோல் மெல்லியது, அதே சமயம் உறுதி. பிரேக் லீவரை விரலால் உணர முடியும். வியர்வையின் உப்புதான் அதற்கு எதிரி. அவர் சொன்னபடி ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவைத்து, மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கான கிரீம் கொஞ்சம் தடவுகிறேன். இன்றுவரை மெத்தென்றே இருக்கிறது. மேல்புறம் மெஷ், உள்ளங்கை தோல் என்ற அமைப்புதான் நம் வெயிலுக்குச் சரி.

ஹெல்மெட்டுக்கு வருவோம். 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது. இருந்தும் சாலையோரத்தில் தொப்பி மாதிரி ஒன்றைக் குவித்து வைத்து விற்பதைப் பார்க்கிறோம், அதை வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு பிசைகிறது. நான் வைத்திருப்பது ஐஎஸ்ஐயோடு, ஐரோப்பாவில் பின்பற்றும் ஈசிஈ 22.06 தரமும் உள்ள ஒன்று. முந்தைய 22.05-இல் இல்லாத ஒரு சோதனை இதில் உண்டு: சாய்வாக மோதும்போது தலை எவ்வளவு திருகப்படுகிறது என்பது. பெரும்பாலான விபத்துகளில் தலை நேராக மோதாது, சாய்வாகத்தான் உரசும் என்பதால் இது பெரிய முன்னேற்றம்.

நாள்பட்ட பயன்பாட்டில் ஹெல்மெட்டில் முதலில் தேய்வது கன்னப் பக்க மெத்தை. புதிதில் கன்னத்தை இறுக்கிப் பிடித்தது, இரண்டாவது கோடையில் லேசாகத் தளர்ந்தது. மெத்தையைக் கழற்றித் துவைக்கிறேன். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்ததும் வெள்ளை படியும், அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர். ஹெல்மெட்டுக்குள்ளே ஒரு மெல்லிய துணித் தொப்பி போட்டுக்கொண்டால் நாற்றம் பாதியாகக் குறையும். வண்டியின் கண்ணாடியில் ஹெல்மெட்டை மாட்டி வைக்கும் பழக்கம் வேண்டாம். உள்ளே இருக்கும் தெர்மோகோல் அந்த இடத்தில் அழுந்திக் குழி விழும், மோதும்போது அந்தத் தெர்மோகோல் நசுங்கித்தான் தலையைக் காப்பாற்ற வேண்டும்.

மழைக்கு இந்த ஜாக்கெட் ஆகாது. உள்ளே மாட்டும் ரெயின் லைனர் கொடுத்திருக்கிறார்கள். மழை பெய்தால் மெஷ் முழுக்கத் தண்ணீர் குடித்துக் கனக்கும், நாம் உள்ளே நனையாமல் நடுங்குவோம். அதைவிடச் சிக்கல், லைனரை மாட்ட ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும். கோடை மாலைகளில் ஜவ்வாது மலைப் பக்கம் கருத்தால் கால் மணி நேரத்தில் கொட்டிவிடும். ஜமுனாமரத்தூர் மலைச்சாலையில் ஒதுங்கவும் இடம் கிடைக்காது. ஜாக்கெட்டுக்கு மேலேயே போடுகிற ஒரு சாதாரண ரெயின்கோட்டை சீட்டுக்குப் பின்னால் கட்டிவைத்திருக்கிறேன். லைனர் பீரோவில் இருக்கிறது.

பூட்ஸ், முழங்கால் கார்டு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கணுக்காலை மூடும் பூட்ஸ் போதும். கார்டின் பட்டை முழங்காலுக்குப் பின்னால் வேர்த்து அரிக்கும், பேண்டுக்கு மேல் கட்டினால் அந்தத் தொல்லை இல்லை.

ஜாக்கெட்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு நிறம் தோளில் வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. அடுத்தது வெளிர் சாம்பல்தான், அது சூட்டையும் குறைவாக வாங்கும். இடுப்பு வெல்க்ரோ பஞ்சு பிடித்துப் பிடிமானம் இழந்தது. ஒளிரும் பட்டைகள் துவைக்கத் துவைக்க உரிகின்றன, கையால் மட்டும் துவைத்தும்கூட. இவை எதுவும் உயிர் காக்கும் வேலையைக் கெடுக்கவில்லை. கெடுக்கக்கூடியது அளவு. கை தளர்வாக இருந்தால் விழும்போது பேடு முழங்கையை விட்டு நகர்ந்துவிடும். கடையில் நின்றபடி போட்டுப் பார்க்காமல், வண்டியில் உட்கார்ந்து கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்துப் பாருங்கள். முழங்கை பேடு எலும்பின் மேல் உட்கார வேண்டும், விரலால் தள்ளினால் சுழலக் கூடாது.

செலவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புது வண்டி எடுக்கும் தம்பிகளிடம் நான் கேட்டுக்கொள்வது, அந்த மிச்சத்தை சைலன்சருக்கும் கூடுதல் விளக்குக்கும் போடாதீர்கள் என்பதே. முதலில் ஹெல்மெட், அடுத்து கிளவுஸ், பிறகு ஜாக்கெட், அதன்பின் முழங்கால், கடைசியில் பூட்ஸ் என்று மாதம் ஒன்றாகச் சேர்த்தாலும் போதும்.

பின்னால் உட்காருகிறவர்களுக்கும் இது அத்தனையும் பொருந்தும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் என் மனைவி என் பின்னால்தான் இருக்கிறார். நான் விழுந்தால் அவரும் விழுவார். பெண்களுக்கான அளவில் மெஷ் ஜாக்கெட் தேடினால் வேலூரில் போட்டுப் பார்த்து வாங்க எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. சென்னை போய்த்தான் வாங்கினோம். தோள் அகலம், கை நீளம் இரண்டையும் வீட்டிலேயே டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு போனது உதவியது. ஆண்களுக்கான சின்ன அளவைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், தோள் பேடு கைக்கு இறங்கிவிடும், ஒத்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் வெயில் ஏறுமுன், பிப்ரவரியிலேயே வாங்கப் போய்விடுங்கள்.