ஹெட்லைட்டுக்கு ஆவி காட்டினால் உஷார்!

ஹெட்லைட் மஞ்சளாகிவிட்டது, பாலிஷ் போடலாம் என்று நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஆனது பணம் மட்டும் போன கதை இல்லை, விளக்கும் சேர்ந்து போனது.

"புது மெத்தட் சார், லைஃப்டைம் கோட்டிங், இனி மஞ்சளே வராது" என்றார் கடைக்காரர். பையன் ஒருவன் இரண்டு விளக்கையும் உப்புத்தாளால் கடகடவென்று தேய்த்தான். சுற்றிலும் டேப் ஒட்டவில்லை. அப்புறம் மூக்கு வைத்த ஒரு சின்ன கப்பில் ஏதோ திரவத்தை ஊற்றி, கரண்டில் சூடாக்கி, வந்த ஆவியை விளக்கின் மேல் காட்டினான். ஆவி பட்ட இடமெல்லாம் கண்ணெதிரே தெளிந்துகொண்டே போனது. லேசாக ஒரு இனிப்பு வாடை. முகமூடிகூட இல்லாமல் குனிந்து நின்று அதைச் செய்துகொண்டிருந்தான், பாவம்.

சில மாதங்கள்தான். பழைய மஞ்சள் திரும்பி வந்தது, முன்னைவிடத் திட்டுத் திட்டாக. வலது விளக்கின் மேல் மூலையில் சிலந்தி வலை போல மயிரிழை விரிசல்கள். நகத்தால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது, ஆனால் இரவில் விளக்கைப் போட்டால் ஒவ்வொரு கோடும் தனித்தனியாக மின்னும். விளக்கை ஒட்டிய பெயிண்ட் ஓரமும் வெளுத்துப் போயிருந்தது. கடைக்குப் போய்க் கேட்டால், "வெயில்ல நிறுத்தினா அப்படித்தான் சார்" என்கிறார்கள். சரி, லைஃப்டைம் கோட்டிங்? பில்லை எடுத்துக் காட்டினார்கள். "ஹெட்லைட் பாலிஷ்" என்று மட்டும்தான் இருந்தது. அதில் கோட்டிங் என்ற சொல்லே இல்லை.

கோட்டிங் உண்மையிலேயே எதுவும் போடவில்லை என்பதுதான் விஷயம். ஹெட்லைட்டின் மேல்மூடி பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். லேசாக உடையாது, எந்த வளைவுக்கும் வார்க்கலாம், ஆனால் புற ஊதாக் கதிர் அதற்கு ஆகவே ஆகாது, கீறலும் சீக்கிரம் விழும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே கெட்டியான ஒரு கோட்டிங் கொடுத்து அனுப்புகிறார்கள். வருடக்கணக்கில் வெயில் பட்டு அது பழுத்து, வெடித்து, உரிவதைத்தான் நாம் மஞ்சள் என்கிறோம். தேய்த்தால் மஞ்சள் போகும், கூடவே மிச்சமிருந்த பாதுகாப்பும் போகும். மேலே புதிதாக எதுவும் போடாமல் விட்டால் வெறும் பிளாஸ்டிக் நேரே வெயிலில் நிற்கிறது. பாலிஷ் போட்ட விளக்கு போடாததைவிட வேகமாக மஞ்சளாவது இதனால்தான்.

அந்த ஆவி பெரும்பாலும் டைக்ளோரோமீத்தேன் அல்லது குளோரோஃபார்ம் வகைக் கரைப்பான். பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கொஞ்சம் கரைத்து, உப்புத்தாள் கீறலையெல்லாம் மூடிவிடும். பளபளப்பு அவ்வளவுதான், ஒரு பாதுகாப்பும் சேர்வதில்லை. மூடியை வார்க்கும்போதே பிளாஸ்டிக்குக்குள் தங்கிவிட்ட இழுவிசை இருக்கும். கரைப்பான் பட்டால் அந்த இடங்களில் விரிசல் விடும். விரிசல் உள்ளே இறங்கிவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. டைக்ளோரோமீத்தேனைச் சுவாசித்தால் உடம்புக்குள் அது கார்பன் மோனாக்சைடாக மாறும். அந்தப் பையனை நினைத்தால் இப்போதும் கோபமாக வருகிறது.

டூத்பேஸ்ட் வைத்தியமும் இதே கதைதான். அதில் இருப்பது மென்மையான ஒரு தேய்பொருள், கோட்டிங் அல்ல. எண்ணெய் ஸ்பிரே அடித்துத் துடைப்பது இன்னும் மோசம், நாலு தடவை கழுவினால் பழைய குருடி கதவைத் திறடி. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஹெட்லைட்டை ஈரத்துணியில் சோப்பு போட்டு ஒரு முறை துடைத்துப் பாருங்கள், எண்ணெய்ப் பளபளப்பு என்றால் தெரிந்துவிடும். மங்கல் உள்பக்கம் இருந்தால் வெளியே என்ன செய்தும் பயனில்லை, அதற்கும் காசு வாங்க ஆள் இருக்கிறார்கள்.

ஒழுங்காகச் செய்கிறவர் முதலில் சுற்றிலும் டேப் ஒட்டுவார். வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார், 800 அல்லது 1000ஆம் நம்பர் தாளில் தொடங்கி 2000, 3000 என்று போவார் (நம்பர் கூடக் கூடத் தாள் நைஸாகும்). ஆரம்பத்தில் மஞ்சளாகக் குழம்பி வழியும் தண்ணீர் வெள்ளையாக மாறும் வரை பழைய கோட்டிங் முழுசாகப் போகவில்லை என்று அர்த்தம். அரைகுறையாக நிறுத்தினால்தான் திட்டு வரும். அதன் பிறகு புற ஊதாவைத் தாங்கும் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு. இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் டூகே கிளியராக இருக்கலாம், யூவி விளக்கில் காயவைப்பதாகவும் இருக்கலாம். கிளியர் அடிப்பவர்கள் கடைசி பாலிஷைப் போடாமலே விடுவதுண்டு, ஒட்டிக்கொள்ள லேசான சொரசொரப்பு வேண்டும். ஆகவே கேட்க வேண்டியது எவ்வளவு பளபளக்கும் என்பதை அல்ல. தேய்த்த பிறகு மேலே என்ன போடுகிறீர்கள், அதன் பெயர் என்ன, டப்பாவைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். "ஆவியே கோட்டிங்தான்" என்று பதில் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஏஏஏ வாகன ஓட்டிகள் சங்கம் 2018இல் வெளியிட்ட சோதனையில், மங்கிய பிளாஸ்டிக் விளக்குகள் புதிய விளக்கின் வெளிச்சத்தில் ஏறக்குறைய 20 சதவீதம்தான் தந்தன. மிச்ச வெளிச்சத்தில் ஒரு பகுதி சிதறி எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்கும்.

வலது விளக்கை முழு செட்டாக மாற்ற வேண்டியதாகிவிட்டது. அதன் மேல் முதல் நாளே பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிவிட்டேன். இடது தப்பித்தது. வேறொரு பெயிண்டர் திரும்பத் தேய்த்து டூகே கிளியர் அடித்துக் கொடுத்தார், பில்லில் அப்படியே எழுதியும் கொடுத்தார்.