‘பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்’ என்று கான்ட்ராக்டர் சொன்னால் வேலையை நிறுத்துங்கள்

பழைய வீட்டை ஒட்டி ஓர் அறையை இழுத்துக் கட்டக் கொடுத்தோம். கூடவே ஹாலுக்கும் அந்த அறைக்கும் நடுவே உள்ள சுவரில் அகலமாக ஒரு திறப்பு, சுவர்ப் பூச்சு, தரை. வேலையை எடுத்த கான்ட்ராக்டருக்குச் சொந்தமாக ஆட்கள் இருந்தார்கள், பேச்சில் பணிவு, கொட்டேஷனும் மற்றவர்களைவிடக் குறைவு. இன்றைக்கு அந்தத் திறப்புக்குக் கீழே இரும்பு முட்டு கொடுத்து, அதைச் சுற்றித்தான் வீட்டுக்குள் நடமாடுகிறோம். அவர் பெயரைப் போடவில்லை. அவர் செய்த விதத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் விசாரித்தபோது இன்னும் பலர் இதே மாதிரி மாட்டியிருக்கிறார்கள்.

முதலில் காசு. கொட்டேஷனின் கடைசியில் “எக்ஸ்ட்ரா வேலை தனி” என்று ஒரு வரி இருந்தது. சுவரில் கடப்பாரை பட்ட அன்றே அது வேலையைக் காட்டியது. “ஸார், பழைய வீடு, உடைச்சாத்தானே உள்ள என்ன இருக்குன்னு தெரியும்” என்பார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நிஜமாகவே எதிர்பாராத வேலை வந்தால் அதற்கு அளவு இருக்கும், படம் எடுக்கலாம், கை வைப்பதற்கு முன்பே விலை பேசலாம். எங்களுக்கு வந்ததெல்லாம் வேலை முடிந்த பிறகு ஒரு துண்டுச்சீட்டு. சுண்ணாம்புக் காரையைக் கொத்தியதற்கு ஒரு தொகை, குப்பை அள்ளியதற்கு ஒரு தொகை, கொத்தும்போது அவர் ஆட்களே பெயர்த்த செங்கல்லைத் திரும்ப வைத்ததற்கு இன்னொரு தொகை. கேள்வி கேட்டால் மறுநாள் ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். பாதிச் சுவர் இடிந்து கிடக்கிற வீட்டில் குழந்தைகளையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு யார் எவ்வளவு நாள் வாதாட முடியும்? அந்த நேரம் பார்த்துத்தான் அந்தச் சீட்டு கைக்கு வரும்.

காசு போனதுகூடப் பரவாயில்லை. பூச்சு காய்ந்து பெயின்ட் அடித்த பிறகு, புதுச்சுவரும் பழைய சுவரும் சேரும் இடத்தில் மேல்தளத்திலிருந்து தரை வரை நூல் பிடித்தாற்போல் ஒரு விரிசல். “ஈரம் காயுது ஸார், பழைய வீட்டுல இது வரும்” என்று பட்டி வைத்து மூடினார். பூச்சு காய்வதால் வருகிற விரிசல் மயிரிழையாய்க் கண்டபடி கிளைவிட்டு ஓடும். இணைப்பின் மேலேயே நேராக ஓடுவது அப்படிப்பட்டதல்ல. சந்தேகம் இருந்தால் விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, இடைவெளியை அளந்து, தேதியை எழுதி வையுங்கள். எங்கள் சுவரில் அந்த இடைவெளி மாதா மாதம் கூடியது.

கட்டடத்தின் பலத்தைப் பார்க்கிற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை அழைத்து, இணைப்பில் ஓர் அடி அகலத்துக்குப் பூச்சைக் கொத்தச் சொன்னோம். உள்ளே பழைய சுவரின் பச்சை டிஸ்டம்பர் அப்படியே இருந்தது! பழைய பூச்சைக்கூட எடுக்காமல், பழைய சுவரில் பல் போல இடம் வெட்டிப் புதுச் செங்கல்லைக் கோக்காமல், கம்பியும் கொடுக்காமல், பெயின்ட் மேலேயே புதுச் செங்கல்லைச் சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள். பழைய அஸ்திவாரம் எப்போதோ அமர்ந்து நிலைத்துவிட்டது. புதியது இனிமேல்தான் அமரும். இரண்டையும் பிணைப்பதா, இல்லை நடுவே முறையாக ஜாயின்ட் என்கிற இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிற்க வைப்பதா என்பதை வேலை தொடங்கும் முன் இன்ஜினியர் முடிவு செய்ய வேண்டும். இங்கே இரண்டும் நடக்கவில்லை.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி திறப்பின் மேலிருந்த பீம். ஜன்னலுக்கு மேலே வருகிற சாதாரண லிண்டலே இருபுறமும் 150 மி.மீ. அளவுக்காவது சுவர் மேல் உட்கார வேண்டும். மேல்தளத்தின் பாரத்தைத் தாங்குகிற எங்கள் பீம் ஒரு பக்கம் அதில் பாதிகூட உட்காரவில்லை. கம்பியும் பேசியது 12 மி.மீ., போட்டது 10. பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் இரும்பில் ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. 12 மி.மீ. கம்பி மீட்டருக்குச் சுமார் 0.89 கிலோ, 10 மி.மீ. 0.62 கிலோ. ஒரு மீட்டர் துண்டைத் தராசில் வைத்தாலே தெரிந்துவிடும், காங்கிரீட் போடுவதற்கு முன்னால் வைத்தால்.

ஓதம், அதாவது சுவரில் ஏறுகிற ஈரம், தனிக்கதை. வெளியே மண்ணைக் கொட்டி மட்டத்தை உயர்த்தியதில் தரை ஈரம் மேலே ஏறாமல் தடுக்கிற பழைய சுவரின் ஓதத்தடுப்பு அடுக்கு மண்ணுக்குள் போய்விட்டது. அதனால் ஏறிய ஈரத்துக்கும் வீட்டின் வயதே காரணம் என்று, உள்ளே சிமென்ட் பூசி அதற்கும் பணம் வாங்கினார். சுண்ணாம்புச் சுவருக்கு வெளியே மூச்சுவிட வழியில்லாமல் ஈரம் இன்னும் மேலே ஏறியிருக்கிறது.

வேலை கொடுக்கப் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்குங்கள்: எக்ஸ்ட்ரா எதுவானாலும் தொடங்கும் முன் அளவு, விலை, உங்கள் கையெழுத்து. கம்பி கட்டியதும் காங்கிரீட்டுக்கு முன்பும், கட்டு முடிந்ததும் பூச்சுக்கு முன்பும், கான்ட்ராக்டரோடு சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினியர் பார்த்த பிறகே அந்தக் கட்டத்துக்கான பணம். பாரம் தாங்கும் சுவரில் கை வைக்கும் முன் மேல்தளத்துக்கு முட்டு கொடுத்தாயிற்றா என்று நீங்களே நின்று பாருங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற ஆளிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இன்ஜினியரின் அறிக்கையைப் படங்களோடு கான்ட்ராக்டருக்கு அனுப்பினோம். பதிலாக வந்தது மீதிப் பணம் எப்போது என்று கேட்டு ஒரு மெசேஜ் மட்டுமே. அந்தப் பணம் இப்போது பீமை மாற்றும் வேலைக்குப் போகிறது.