திருப்பத்தூர், காளையார்கோவில், மனோரா: நான்கு நாள் படப் பயணம்

பினாங்கிலிருந்து கடந்த தை மாதம் ஊருக்கு வந்த நான், பொங்கல் முடிந்ததும் நான்கு நாள்களை ஒதுக்கி, செட்டிநாட்டைச் சுற்றியுள்ள போர் நினைவிடங்களையும் கிழக்கே கடலோரத்தையும் படமெடுக்கச் சென்றேன். தேவகோட்டையில் அப்பத்தாவின் வீடு பூட்டிக் கிடப்பதால் காரைக்குடியில் ஒரு சிறு விடுதியில் தங்கினேன். அறை துப்புரவாக இருந்தது. விடியுமுன்னே நான் கிளம்புவேன் என்பதை அறிந்து, முதல் நாள் இரவே இட்லியில் மிளகாய்ப்பொடி தடவிப் பொட்டலம் கட்டித் தந்த சமையற்கார அம்மாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வண்டியில்தான் முதல் நாள் ஏமாந்தேன். இணையத்தில் முன்பணம் கட்டிய வண்டி, நான்கு மணிக்கு வர வேண்டியது ஐந்தரைக்கு வந்தது. கடலில் சூரியன் எழும் காட்சி போயிற்று, முன்பணமும் திரும்பவில்லை. மறுநாள் வாடகைக் கார் நிறுத்தத்தில் பேசி அமர்த்திய ஓட்டுநர், “நாலுக்கெல்லாம் வாசல்ல நிப்பேன் ஐயா” என்றார், சொன்னபடியே நின்றார். பேட்டாவையும் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அறந்தாங்கி, பேராவூரணி வழியாக மல்லிப்பட்டினத்தை அடுத்த மனோராவுக்குச் சென்றோம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி கட்டிய, எட்டு அடுக்கும் அறுகோண வடிவமும் கொண்ட கோபுரம் அது. பாக் நீரிணை அலையடங்கிய கடல் என்பதால், விடியலில் நீர் கண்ணாடிபோல் கிடக்கிறது. முக்காலியைத் தாழ்த்தி வைத்து, முதல் ஒளி கோபுரத்தின் அடுக்குகளில் ஒவ்வொன்றாக இறங்குவதை அரை மணி நேரம் எடுத்தேன். 2022இல் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட கடற்பகுதியும் இக்கரையை ஒட்டியதே.

மூன்றாம் நாள் திருப்பத்தூர். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று ஆங்கிலேயர் தூக்கிலிட்ட ஊர் இது. நினைவிடத்தில் ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்; நானும் அவ்வாறே செய்தேன். சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் எழுபதுக்கும் மேற்பட்டோரையும் 1802இல் கப்பலேற்றி நாடு கடத்திய தீவு நான் வாழும் பினாங்கே என்பதை அவரிடம் சொன்னபோது, அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “அங்க அவங்களுக்கு ஏதாச்சும் கல்லு நட்டிருக்காங்களா ஐயா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னுடன் விமானத்தில் வந்தது. தங்களை ஆள வந்தவர்களின் வெற்றிக்குக் கடலோரத்தில் எட்டு அடுக்கில் ஒரு மன்னர் கோபுரம் எழுப்பியது, மருது சகோதரர்கள் தூக்கிலேறிய பதினைந்து ஆண்டுகளுக்குள்தான் என்பதையும் அங்கே நின்றபோதுதான் கணக்கிட்டேன்.

காளையார்கோவிலுக்கு மாலையில் செல்வது நல்லது. 1772இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் ஆங்கிலேயருடனான போரில் மடிந்த இவ்வூரில், சாயும் வெயில் பெரிய கோபுரத்தின் சுதை வேலைப்பாட்டைத் துலக்கிக் காட்டுகிறது. அக்டோபரில் வருவோர் கவனிக்க: மருது சகோதரர்களின் குருபூசை 24ஆம் நாள் திருப்பத்தூரிலும், 27ஆம் நாள் காளையார்கோவிலிலும் நடைபெறுவதால், அந்நாள்களில் வாடகை வண்டிக்குச் சாலையில் கட்டுப்பாடு இருக்கும், முன்கூட்டியே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.