சுவருக்குள் போகும் டைவர்ட்டருக்கு டேப்பா, சணலா, பசையா?

குடிவந்த எட்டாம் மாதம் எங்கள் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஈரம் தெரிந்தது. தொட்டால் பெயிண்ட் உப்புப் பூத்து உதிர்ந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் ஷவர் டைவர்ட்டர், அதாவது வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து ஷவருக்கோ கீழ்க் குழாய்க்கோ திருப்பிவிடும் வால்வு. மூன்று டைல்ஸை உடைத்துப் பார்த்தபோது, வெந்நீர் வரும் பக்கத்து மரையிலிருந்து நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் கசிவு. ஆனால் எட்டு மாதம் அது நிற்கவே இல்லை.

இணைப்பைக் கழற்றியதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. பித்தளை மரை வைத்த சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) எல்போவை, அதாவது வளைவு இணைப்பை, டைவர்ட்டரில் நேரடியாக முறுக்கியிருந்தார்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பைப் இறங்கி வருவதால் எல்போவின் வாய் மேலே பார்த்து நிற்க வேண்டும். முறுக்கும்போது கொஞ்சம் தாண்டிவிட்டது போல, கால் சுற்று பின்னால் திருப்பி நேராக்கியிருக்கிறார்கள். சுற்றியிருந்தது டெஃப்லான் டேப். மரையின் ஒரு பக்கம் டேப் நசுங்கி ஒட்டியிருந்தது, மறுபக்கம் நூல் நூலாகக் கிழிந்து தொங்கியது.

எதைச் சுற்றுவது என்ற கேள்வி அப்போதுதான் எனக்குப் பெரிதானது. குழாய்க்காரர் ஆளுக்கொன்று சொல்வார். எந்த இணைப்பு, முறுக்கியபின் அதைத் திருப்ப வேண்டிவருமா, எதிர்ப்பக்கம் பித்தளையா பிளாஸ்டிக்கா என்று பார்க்காமல் ஒன்றைப் பொதுவாக நல்லது என்று சொல்ல முடியாது என்பதுதான் நான் கற்றுக்கொண்டது.

முதலில் டேப். மலிவு, சுத்தம், எந்தக் கடையிலும் கிடைக்கும், பித்தளைக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆகும். சுற்றியதும் தண்ணீர் விடலாம். ஒரு முனையில் மரையும் மறுமுனையில் பைப் நேராகச் சொருகும் வாயும் உள்ள எம்டிஏ என்றால் அது எந்தக் கோணத்தில் நின்றாலும் கவலையில்லை, எங்கே இறுகுகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளலாம். அந்த இடத்துக்கு டேப்பே போதும். மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் திசையில், இழுத்துப் பிடித்தபடி சுற்ற வேண்டும். முதல் மரையை விட்டுச் சுற்றினால் டேப் துணுக்கு உள்ளே போய், தண்ணீரைத் திறந்து மூடும் உள்பாகமான கார்ட்ரிட்ஜில் அடைக்காது. சாதாரண டேப்பின் தடிமன் 0.075 மி.மீ.தான். மூன்று சுற்று சுற்றிவிட்டுக் கிளம்புகிறவரை நம்பக் கூடாது. அரை அங்குல மரைக்கு நாங்கள் பன்னிரண்டு சுற்று சுற்றினோம்.

டேப்பின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. அது முறுக்க முறுக்க மரைக்குள் நசுங்கித்தான் அடைக்கிறது. பின்னால் திருப்பினால் அந்த இடம் திறந்துகொள்ளும், மறுபடி ஊதி அடைக்க டேப்புக்குச் சக்தி கிடையாது. கால் சுற்று திருப்பினாலும் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் சுற்ற வேண்டும்.

இந்த இடத்தில்தான் சணல் ஜெயிக்கிறது. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் காலத்து ஆட்கள் சணல் நாரும் பசையும் வைத்தே வீடு வீடாக முடித்தார்கள், இன்றும் அவற்றில் பல ஒழுகாமல் நிற்கின்றன. நார் தண்ணீர் பட்டதும் உப்பி இடைவெளியை நிரப்பும். அதனால் எல்போவை நேராக்கக் கொஞ்சம் பின்னால் திருப்பினாலும் அது மன்னிக்கும். ஆனால் நாரை மெல்லியதாகப் பிரித்து, மரையின் பள்ளத்தில் படியும்படி சுற்றத் தெரிந்த கை வேண்டும். கொத்தாக வைத்து வலுவாக முறுக்கினால் பிளாஸ்டிக் பெண் மரை (உள்பக்கம் மரை உள்ள வாய்) பிளந்துவிடும். பசையிலும் கவனம் தேவை. வெள்ளை ஈயம் கலந்த பழைய பசை விஷம், வீட்டுத் தண்ணீர்க் குழாயில் அதற்கு இனி இடமில்லை. எண்ணெய் கலந்த பேஸ்டுகள் பலவும் சிபிவிசியை மெல்ல மெல்ல விரிசல் விட வைக்கும். சிபிவிசிக்கு ஆகும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிற பேஸ்டை மட்டும் வாங்குங்கள்.

இதே வேலையைச் சுத்தமாகச் செய்ய நைலான் நூல் ஒன்று வருகிறது. லாக்டைட் 55 என்பது அந்த வகைதான். சின்ன டப்பியிலிருந்து இழுத்து, மரையின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற வேண்டும். பித்தளை, பிளாஸ்டிக் இரண்டுக்கும் ஆகும், காயக் காத்திருக்க வேண்டாம், முறுக்கியபின் 45 டிகிரி வரை திருப்பிச் சரிசெய்யலாம். டேப்பைவிட விலை பல மடங்கு, தெருமுனைக் கடையில் கிடைப்பதும் அரிது. ஆனால் சுவருக்குள் புதையப் போகும் நான்கைந்து இணைப்புக்கு ஒரு டப்பியே தாராளம். மூன்று டைல்ஸ் உடைத்த கூலியோடு வைத்துப் பார்த்தால் அந்த விலை எனக்கு உறுத்தவில்லை.

அப்புறம் காற்றில்லாத இடத்தில் இறுகும் அனரோபிக் பசை. பித்தளையோடு பித்தளை சேருமிடத்தில் இதன் பிடிப்பு அருமை. ஆனால் உலோகம் பட்டால்தான் ஒழுங்காக இறுகும். பிளாஸ்டிக் மரையில் சரியாகக் காயாது, சிபிவிசியைக் கெடுக்கவும் செய்யும். முழுக்க இறுக ஒரு நாள் விட வேண்டும். நாளைக்குக் கழற்ற வேண்டிவந்தால் சூடு காட்ட வேண்டியிருக்கும், பக்கத்தில் பிளாஸ்டிக் பைப்பும் ரப்பர் வாஷரும் இருக்கும்போது அது நடக்காத காரியம். எங்கள் டைவர்ட்டருக்கு இதை நான் யோசிக்கவே இல்லை.

எதைச் சுற்றினாலும் முதலில் மரையைப் பாருங்கள். குரோம் பூசிய நிப்பிள் (இரு முனையிலும் மரை உள்ள சிறு குழாய்த் துண்டு) வழவழவென்று இருக்கும். டேப்பும் சரி, நாரும் சரி, முறுக்கும்போது மரையில் நிற்காமல் பின்னால் சுருண்டு வந்துவிடும். இரண்டாம் முறை சரிசெய்ய வந்த குழாய்க்கார அண்ணன் பையிலிருந்து ஹேக்ஸா பிளேடை எடுத்து, மரையின் முகட்டில் குறுக்காகக் கீறிக்கொண்டே வந்தார். விரலால் தடவினால் சொரசொரப்பு தெரிந்தது. அதன் மேல் சுற்றிய நூல் அசையாமல் நின்றது.

கசிவு தெரிந்தபின் என்ன செய்வது என்பதிலும் மூன்று கட்சி உண்டு. எம்-சீல் என்ற ஒட்டுக் களிம்பை வெளியில் அப்புவது பலருக்கும் முதலில் தோன்றுவது. தண்ணீர் அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது, ஈரமான பித்தளையில் எம்-சீலும் பிடிக்காது. வெளியில் தெரியும் குழாய்க்கு ஓர் இரவு தாங்க வேண்டுமானால் சரி, சுவருக்குள் கூடவே கூடாது. இன்னொரு சுற்று முறுக்குவது எம்டிஏ விஷயத்தில் சில நேரம் பலிக்கும். ஆனால் பைப்பை ஒட்டியபின் அது முறுக்க விடாது, மீறி முறுக்கினால் வேறெங்காவது விடும். மூன்றாவது வழி, இணைப்புக்குச் சற்றுத் தள்ளி பைப்பை அறுத்து, மரையைக் கழற்றித் துடைத்து, புதிதாகச் சுற்றி முறுக்கி, இரு துண்டையும் சேர்க்கும் கப்ளிங் போட்டு ஒட்டுவது. வேலை அதிகம்தான், நாங்கள் செய்தது இதைத்தான். மரை வேலையை முழுக்க முடித்துவிட்டே பைப் ஒட்டும் சொலூஷனைத் திறக்க வேண்டும் என்பதில் அண்ணன் கறாராக இருந்தார்.

வெந்நீர்ப் பக்கம் மட்டும் ஏன் ஒழுகியது என்று அவரிடம் கேட்டேன். சூட்டில் பைப் நீளும், ஆறினால் சுருங்கும் என்றார். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. ஒரு மீட்டர் சிபிவிசி 40 டிகிரி சூடேறினால் சுமார் இரண்டரை மி.மீ. நீளும். தினமும் இரண்டு வேளை அந்த இழுப்பு, பாதி திறந்த மரையின் மேல்.

முதல் முறை, பூசுவதற்கு முன் அழுத்தம் ஏற்றிச் சோதிக்காமல் விட்டதும் தப்புதான். தொட்டித் தண்ணீரை மட்டும் விட்டுப் பார்த்தோம், ஒழுகவில்லை. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோதான். எங்கள் தொட்டி ஷவருக்கு ஆறு மீட்டர் மேலே இருக்கிறது, அப்படியானால் 0.6 கிலோ. குடிவந்தபின் பிரஷர் பம்ப் வைத்தோம். தொட்டி காட்டாததை அது காட்டிவிட்டது.

இந்த முறை கைப்பம்ப்பை வாடகைக்கு எடுத்தோம். ஷவர் வாயிலும் கீழ்க் குழாயான ஸ்பவுட் வாயிலும் எண்ட் பிளக் (மூடி) போட்டு, காற்றை வெளியேற்றி, டைவர்ட்டரின் தாளில் போட்டிருந்த அளவுக்குள் சதுர செ.மீ.க்கு 6 கிலோ அழுத்தம் ஏற்றினோம். ஒவ்வொரு மரையைச் சுற்றியும் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வைத்தேன். காலையில் கேஜ் முள் ஒரு மயிரிழை இறங்கியிருந்தது, இரவுக் குளிருக்கு அப்படி ஆகும் என்றார் அண்ணன். டிஷ்யூவை ஒவ்வொன்றாக எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்தேன். எல்லாமே காய்ந்திருந்தன. அதற்கப்புறம்தான் கொத்தனாருக்குப் போன் செய்தேன்.