பழைய ஆம்ப்ளிஃபையரா, புது கிளாஸ்-டி மினியா?

டிபிஏ3116 என்ற கிளாஸ்-டி சிப் (மின்சாரத்தை மிக வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஒலியைப் பெருக்குவது) போட்ட மினி ஆம்ப் கைக்கடக்கமானது, அதிகம் சூடாகாது. ஆனால் கூட வரும் அடாப்டர் 12 வோல்ட் என்றால் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சுமார் 9 வாட்தான் கிடைக்கும். சத்தம் கூட்டினால் மிருதங்கத்தின் தொப்பி அடி பிளந்து கேட்கும். 24 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள், ஆளே மாறிவிடும்.

செகண்ட் ஹேண்ட் ஆம்ப் பலவற்றில் ஃபோனோ உள்ளீடு (இசைத்தட்டு பிளேயருக்கானது), டோன் கன்ட்ரோல் சேர்ந்தே கிடைக்கும். வாங்குமுன் ஸ்பீக்கரைக் கழற்றி, பாட்டு ஓடாதபோது, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வையுங்கள். 50-க்குள் என்றால் நல்லது. நூற்றுக்கணக்கில் காட்டினால் தொடவே வேண்டாம். ஸ்பீக்கர் காயில் கருகிவிடும். விடாமல் 'ம்ம்' என்று இரைந்தால் பெரும்பாலும் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். வால்யூம் திருகும்போது கரகரப்பது பெரிய குறையல்ல, கான்டாக்ட் கிளீனர் போதும்.

மீட்டர் பிடிக்கத் தெரியாதவர் மினியையே எடுக்கலாம். மிச்சப் பணம் நல்ல ஸ்பீக்கருக்குப் போகட்டும்.