சிம்னி பொருத்துபவரை அளவெடுக்கும்போதே கண்டுகொள்ளலாம்

மதுரையில் எங்கள் சமையலறைக்குச் சிம்னி பொருத்த இருவரை அழைத்துப் பேசினேன். கடை அனுப்பியவர் சுவரைப் பார்த்த மாத்திரத்தில் கூலியைச் சொன்னார். புகைக்குழாயை 6 அங்குலத்திலிருந்து 4 ஆகக் குறைத்து, இருக்கிற ஓட்டையிலேயே விட்டுவிடலாம் என்றார். அவர் வேண்டாமென்று அப்போதே முடிவு செய்தேன். குழாய் குறுகினால் இரைச்சல் கூடும், இழுவை குறையும். எத்தனை பெரிய மோட்டார் இருந்தாலும் மிளகாய் தாளித்த நெடி வீட்டுக்குள்தான் சுற்றும்.

இரண்டாமவர் தனியாகத் தொழில் செய்பவர். "அக்கா, நீங்கள் தோசை ஊற்றுகிற மாதிரி நின்று காட்டுங்கள்" என்றார். என் தலை இடிக்காமல், அடுப்பிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் கோடு போட்டார். சுவரைத் தட்டி, பீம் இல்லாத இடம் பார்த்துப் புதிதாகத் துளையிட்டார். மடிப்புக் குழாயைத் தொய்வில்லாமல் இழுத்து, ஒரே வளைவோடு வெளியே விட்டார். வெளிமுனையில் காற்று திரும்பாதபடி ஒரு மூடியைப் பொருத்தினார். அணில் கூடு கட்டும் எங்கள் தெருவுக்கு அது மிகவும் அவசியம். பிளக்கில் எர்த் வருகிறதா என்றும் சோதித்தார்.

குறை ஒன்று உண்டு: துளையிடும் முன் மேடையை மூடவில்லை. செங்கல் தூசி மளிகை டப்பாக்கள் வரை படிந்தது.

கூலி முதலாமவர் கேட்டதைவிட அதிகம்தான். குழாய், மூடி, துளை எனத் தனித்தனியாக எழுதிக் கொடுத்ததால் மனநிறைவோடு கொடுத்தேன். கிளம்பும் முன் சிம்னியை ஓடவிட்டு, வடிகட்டியில் ஒரு செய்தித்தாளை வைத்துக் காட்டினார், இழுவையிலேயே ஒட்டி நின்றது, விழவில்லை.